ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்

மேடம் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னபோது, நான் கேட்டிருந்த லீவைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். மேஜையில் ஒரு லேப் சீட்டு மடித்துக் கிடந்தது. அதை என் பக்கம் தள்ளினார்.

“ஏழாம் நம்பர் ரூம். பாசிட்டிவ்.”

“எதுக்கு மேடம்?”

“எதுக்குன்னு கேக்கறியே. எய்ட்ஸ்.”

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருபது கட்டில் உள்ள நர்ஸிங் ஹோமில் நான் வேலை பார்த்தேன். இன்று அந்தக் கட்டடம் இல்லை. அதை நடத்திய டாக்டர் அம்மாளைத்தான் நாங்கள் மேடம் என்போம். ஆறு நர்ஸுகளில் நான் மூத்தவள் என்பதால் நோயாளிகளுக்கு நான் பெரிய சிஸ்டர். எனக்கு அடுத்து அதிகம் வேலை செய்தவள் மாடம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண். இருபத்துமூன்று வயது. அவளைச் சின்ன சிஸ்டர் என்பார்கள்.

அந்த நோயைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்கெங்கோ இருந்து நோயாளிகள் ரயிலேறித் தாம்பரத்துக் காசநோய் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த காலம். எலும்பும் தோலுமாக ஆட்களை ஸ்டேஷன் படியில் பார்ப்போம். பார்த்துவிட்டு அந்தப் பக்கமாக நடப்போம். நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து எங்கள் ஊரில் எதுவும் அப்போது கிடையாது. எங்களைப் போன்ற சின்ன இடங்களில் அப்படி யாரையும் சேர்ப்பதில்லை. இவர் தெரியாமல் சேர்ந்துவிட்டார். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். பட்டறை முதலாளி மேடத்தின் வீட்டுக்காரருக்கு வேண்டியவர். விடாத ஜுரம், வயிற்றுப்போக்கு என்று அவர்தான் காரில் கொண்டுவந்து விட்டுப் போனார்.

“நர்ஸ் யாருக்கும் சொல்லாதே,” என்றார் மேடம். “சொன்னா நாளைக்குக் காலையில ஒருத்தியும் வர மாட்டா. கேஸ் ஷீட் மூலையில ரெட் இங்க்ல சின்னதா ஒரு சர்க்கிள் போட்டு வை. உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்.”

“அவர் வொய்ஃபுக்கு?”

“ஜுரம் இறங்கினதும் டிஸ்சார்ஜ் பண்ணப்போறோம். அவகிட்ட சொல்லி அவ இங்க ஒப்பாரி வைக்கவா? முதலாளிகிட்ட சொல்லிட்டேன். அவர் பார்த்துப்பார்.”

முதலாளிக்குச் சொல்லலாம், மனைவிக்குச் சொல்லக்கூடாது. இதில் இருந்த அநியாயம் எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அந்த ரூமுக்கு நான் எத்தனை முறை போய் வந்தேன், கையில் கீறல் ஏதும் இருந்ததா என்று மட்டும்தான் மனம் ஓடியது. வெளியே வந்து சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். டூட்டி பிரிக்கும் நோட்டு என்னிடம் இருந்தது. ஏழாம் நம்பர் ரூமை அதுவரை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மதியம் முதல் அதைச் சின்ன சிஸ்டர் பெயருக்கு மாற்றினேன். மற்ற நான்கு பேரில் யாருக்கு மாற்றியிருந்தாலும் ‘ஏன்’ என்று கேட்டிருப்பார்கள். அவள் கேட்க மாட்டாள். அதற்காகத்தான் அவள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது என்னக்கா, மூலையில வட்டம்?” என்றாள்.

“பேனா எழுதுதான்னு பார்த்தேன்,” என்றேன்.

அந்த மனிதரின் மனைவியும் கேட்டாள். ஒல்லியான பெண். பகல் முழுக்க அவர் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். வராந்தாவில் என்னை மறித்து, “அக்கா, இன்னா நோவுக்கா அவருக்கு? யாரைக் கேட்டாலும் ஒயுங்கா ஒண்ணும் சொல்ல மாட்றாங்க,” என்றாள்.

“டைபாய்டும்மா. சரியாயிடும்.”

“அப்ப பயப்பட ஒண்ணுமில்லியே?”

“ஒண்ணுமில்ல.”

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் விட்டதும் நான் நேராகக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன்.

மூன்றாம் நாள் பிற்பகல், மருந்து ரூமில் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். சின்ன சிஸ்டர் கட்டை விரலை அழுத்திப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே வந்தாள்.

“எருமை மாதிரி குத்திக்கிட்டேன்க்கா. ஊசிக்கு மூடி போடறப்போ அவரு கை நடுங்கி இடிச்சிட்டாரு.”

“யாரு?”

“ஏழு.”

அவள் கையைப் பிடித்து இழுத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். விரலைப் பிதுக்கினேன். ரத்தம் ஒரு சொட்டு வந்தது, பிறகு வரவில்லை. விடாமல் பிதுக்கினேன். “வலிக்குதுக்கா” என்றாள். ஸ்பிரிட் ஊற்றினேன். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, நான் விடவில்லை. அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

“ஏன்க்கா இவ்ளோ நேரம் பிதுக்கறீங்க? டைபாய்டு ஊசியில வருமா?”

“வராது,” என்றேன்.

அவளை உட்காரவைத்துவிட்டு மேடத்திடம் போய்ச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். “சான்ஸ் ரொம்ப ரொம்பக் கம்மி,” என்றார். “நீ சொன்னேன்னா பயத்துலயே பாதி செத்துடுவா. ரெண்டு மாசம் போகட்டும், வேற ஏதாவது சாக்கு சொல்லி பிளட் எடுத்துப் பார்த்துக்கலாம்.” கனிவாகத்தான் சொன்னார். அதனால் எனக்கு ஒத்துக்கொள்வது எளிதாக இருந்தது.

அன்று சாயங்காலமே அந்த மனிதரை அனுப்பிவிட்டார்கள். ஜுரம் இறங்கியிருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது அவர் எங்கள் எல்லோருக்கும் கும்பிடு போட்டார். ரூமை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொன்னார் மேடம். கழுவிய ஆயாவுக்கும் எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

அந்த ரகசியம் ஐந்து நாள் மறைந்திருந்தது. டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கேஸ் ஷீட்டுகளைக் கட்டி அலமாரியில் அடுக்குவது வாரக் கடைசி வேலை. அதைச் சின்ன சிஸ்டர்தான் செய்வாள். லேப் சீட்டை மேடம் கிழித்துப்போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் எடுத்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அது கேஸ் ஷீட்டின் பின்னாலேயே குண்டூசி குத்தி இருந்தது.

அவள் மருந்து ரூமுக்குள் வந்தபோது முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

நான் டிரேயில் ஊசிகளை அடுக்கினேன்.

“வட்டம் என்னான்னு கேட்டேனே, அப்ப தெரியுமா?”

“தெரியும்.”

“என்னை அங்க போட்டது?”

“தெரிஞ்சுதான்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். “எனக்கு ஒண்ணும் புரியலக்கா,” என்றாள். பத்து தடவையாவது அதையே சொல்லியிருப்பாள். பிறகு எழுந்து போய், பாக்கி இருந்த கேஸ் ஷீட்டுகளையும் கட்டி அடுக்கிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

மேடம் அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் வெளியில் சொல்வாள் என்ற பயம். அவளை நோயாளிகள் பக்கம் விடாமல், பின்பக்க ரூமில் பஞ்சு உருட்டவும் கட்டுப்போடும் காஸ் துணி வெட்டவும் வைத்தார். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். எதற்கென்று மற்ற நர்ஸுகள் கேட்டபோது, ஊசி குத்தியதை மட்டும் சொல்லிவிட்டாள். அப்போதைக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார்களாம்.

நாங்கள் நர்ஸுகள். இந்த நோய் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடித்தால் வராது, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் வராது என்று பரீட்சையில் எழுதச் சொன்னால் எழுதுவோம். ஆனால் ஒரு வாரத்துக்குள் அவளுடைய டம்ளர் தனியாகப் போனது. நர்ஸுகள் ரூம் கக்கூஸில் உள்பக்கம் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது என்று சொல்லி அவளை ஆயாக்களுடைய கக்கூஸுக்கு அனுப்பினார்கள். ஆயாக்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒருத்தி அவள் எதிரிலேயே, “கண்ணாலம் ஆவாத பொண்ணு, ஊசியிலதான் வந்துச்சின்னு நம்மகிட்ட கதை வுடுது,” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் வாயைத் திறந்து, அந்த ஊசி எப்படிக் குத்தியது என்று சொல்லவில்லை. சொன்னால் நோட்டில் பெயரை மாற்றியது யார் என்பதும் வெளியே வரும்.

அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டிய வாரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து, பையன் மேலே படிக்க ஆசைப்படுகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் நர்ஸுகளில் ஒருத்தியின் சித்தி மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் இருந்தாள், விஷயம் அவள் வழியாகத்தான் போயிருக்கும். வீட்டிலும் அவளுடைய அண்ணி குழந்தைகளை அவள் பக்கத்தில் படுக்கவிடுவதில்லை.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னாள். வேறு யாரும் அவளோடு பேசவில்லை என்பதால் சொன்னாள். முகத்தைப் பார்க்காமல், காஸ் துணியை வெட்டிக்கொண்டே சொல்வாள். ஒருநாள், “ரெண்டு நாள் சாயங்காலம் ரயில் லைன்கிட்ட போய் நின்னேன்க்கா. வண்டி வந்தது. விட்டுட்டு வந்துட்டேன்,” என்றாள். நான் கத்திரிக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நோயாளி ஒருத்தி அப்படிச் சொல்லியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் ஆள் போடுவோம், வீட்டாரைக் கூப்பிடுவோம். இவளுக்கு யாரைக் கூப்பிடுவது?

“இனிமே அப்படிப் போகாதே,” என்றேன்.

“போகல. ஆனா ஒண்ணு. நீங்க தினமும் என்கூட சாப்பிடணும்.”

“சாப்பிடறேன்.”

“என்கூடன்னா என் டப்பாவில. என் ஸ்பூன்ல. நான் ஒரு வாய், நீங்க ஒரு வாய். எல்லாரும் பார்க்கற மாதிரி வராந்தாவில உக்காந்து. கடைசி டெஸ்ட் வர்ற வரைக்கும்.”

அவள் குரலில் கோபம் இல்லை. டிரிப் எத்தனை சொட்டு வைப்பது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அடுத்த நாள் மதியம் தொடங்கியது. எலுமிச்சை சாதம். அவள் ஒரு ஸ்பூன் எடுத்து மெதுவாகச் சாப்பிட்டாள். ஸ்பூனை நன்றாக நக்கினாள், அதே ஸ்பூனில் சோற்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். நர்ஸுகள் ரூம் வாசலில் மூன்று பேர் நின்று பார்த்தார்கள். நான் வாங்கி வாயில் போட்டேன். எனக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும். அவளுக்கு நோயே இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் இப்படி வராது. தெரிந்தது எல்லாம் மூளையோடு நின்றுவிட்டது. சோற்றை வாயிலேயே ஒதுக்கி வைத்திருந்தேன். விழுங்கினேன். டப்பா காலியாகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

நான் வாந்தி எடுப்பது அவளுக்குத் தெரியும். இரண்டாம் வாரம் ஒருநாள், “இன்னிக்கு இங்கயே உக்காருங்கக்கா, அரை மணி நேரம் ஆகட்டும்,” என்றாள். உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையில் ஒரு திருப்தி இருந்தது. அதற்காக அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது.

என் வீடு சிட்லபாக்கத்தில். வீட்டுக்காரர் ஆபீஸ் முடிந்து மின்சார ரயிலில் ஏழு மணிக்கு வருவார். மகளுக்கு அப்போது நான்கு வயது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். “தொடாதே” என்பேன். குளித்துவிட்டு வந்தாலும் முத்தம் கொடுக்க விடமாட்டேன். உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளிப்பேன். ஈறில் ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்ததும் ஈறில் புண் இருக்கிறதே, நாளைக்கு எப்படிச் சாப்பிடுவது என்ற பயம் வரும். மறுபடி கொப்பளிப்பேன். கை விரல்களுக்கு நடுவே தோல் உரிந்தது. வெடித்த தோலில் சோப்பு பட்டால் எரியும். அந்த எரிச்சல் இல்லாவிட்டால் கழுவியது போதவில்லை என்று தோன்றும்.

என் பிள்ளையின் தட்டை நான் தொடுவதில்லை என்பதை வீட்டுக்காரர் ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தார்.

“உனக்கு என்னாச்சு?” என்று கேட்டார்.

“ஆஸ்பத்திரி கிருமி. குழந்தைக்கு ஒத்துக்காது.”

“இத்தனை வருஷமா இல்லாத கிருமி இப்ப எங்கிருந்து வந்துச்சு?”

எழுந்து கை கழுவப் போனேன். வேலையை விட்டுவிடு என்றார். விடமுடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். தினமும் ஒருத்தியின் எச்சிலைச் சாப்பிட வேண்டியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? மகள் மெல்ல என்னிடம் வருவதை விட்டாள். கதவருகே நின்று நான் குளித்துவிட்டேனா என்று பார்ப்பாள், பிறகு அப்பாவிடம் போய்விடுவாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

மேடத்திடம் ஒருநாள் கையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சோப்பு அலர்ஜி,” என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். “தூக்கம் வரலைன்னா ஒரு மாத்திரை போட்டுக்கோ. அலமாரியிலதானே இருக்கு.” மருந்து அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. போட்டுக்கொண்டேன்.

சின்ன சிஸ்டர் வேறு மாதிரிக் கரைந்துகொண்டிருந்தாள். காலையில் வந்ததும் வார்டு எடை மெஷினில் ஏறுவாள். நூறு கிராம் குறைந்தாலும் அன்று முழுக்கப் பேச்சிருக்காது. கழுத்தில், அக்குளில் கட்டி இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை சளிப்பிடித்து இருமினாள். அன்று பின்பக்க ரூமில் பஞ்சு மூட்டைக்கு நடுவே சுருண்டு படுத்துக்கொண்டு, “ஆரம்பிச்சிடுச்சிக்கா,” என்றாள். தலையைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரமே இல்லை. “ஒண்ணும் இல்லை” என்றேன். “நீங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னா எனக்கு இன்னும் பயமா இருக்கு,” என்றாள்.

மூன்று மாத டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்தது. அன்றும் டப்பாவைத் திறந்தாள். நான் கேட்கவில்லை. “ஆறு மாசம்னு சொன்னேன்ல,” என்று அவளே சொன்னாள்.

ஆறாம் மாத டெஸ்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ரிசல்ட் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டைத் தள்ளினார். நோய் இல்லை. அவள் சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். அவள் அழவில்லை. நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, “அந்த ஆளோட வொய்ஃப்கிட்ட யாராவது சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

ஆறு மாதத்தில் அந்தப் பெண்ணை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. இது உண்மை.

“முதலாளி சொல்லியிருப்பார்,” என்றேன்.

“சொல்லியிருக்க மாட்டார். அட்ரஸ் கேஸ் ஷீட்ல இருக்கு, எழுதி வச்சிருக்கேன். இப்பவே போலாம் வாங்க.”

பல்லாவரத்தில் இறங்கிக் குன்றத்தூர் பஸ் பிடித்தோம். வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். திருமுடிவாக்கத்தில் பட்டறைகளைத் தாண்டி, ஓடு போட்ட ஒரு வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் அந்த மனிதரின் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்தாள். எழுந்தபோது வயிறு தெரிந்தது.

“அக்கா! நீங்களா? வாங்க, உள்ள வாங்க.” பிறகு முகம் மாறியது. “அவரு போய்ட்டாருக்கா. போன மாசம். டைபாய்டு வுட்டுச்சின்னுதான் இருந்தோம். வேலையில சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் மறுக்கா ஜுரம் வந்து ஆளே உருகிட்டாரு.”

“எத்தனை மாசம்?” என்று கேட்டேன். நர்ஸுக்குப் பழக்கமான கேள்வி, வாயில் தானாக வந்தது.

“நாலு ஆவப்போவுது.”

கணக்குப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் எங்களிடமிருந்து போனது ஆறு மாதத்துக்கு முன். நான் வராந்தாவில் நின்று டைபாய்டு என்று சொல்லி, அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து. நோய் அவளுக்கு அதற்கு முன்பே வந்திருக்கலாம். அப்படி எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“நீங்க சொல்லுங்க,” என்றாள் சின்ன சிஸ்டர் என்னிடம். “உங்க வாயால சொல்லுங்க.”

சொன்னேன். என்ன வார்த்தைகளில் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தப் பெயரைச் சொன்னதும் அவள் துவைகல்லைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் அழவோ அடிக்கவோ இல்லை. என்னைப் பார்த்து, “அப்பவே தெரியுமா உங்களுக்கு?” என்றாள்.

“தெரியும்மா.”

“என் மூஞ்சப் பாத்துகினு பொய் சொன்னீங்க.”

“ஆமா.”

“நான் உங்களை சாமி மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன்க்கா. இந்தப் புள்ளைக்கு உங்க பேரைக் கேட்டு வெக்கணும்னுகூட அவராண்ட சொன்னேன்.”

சின்ன சிஸ்டர் அவளை உட்காரவைத்து, எங்கே போய் ரத்தம் கொடுக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்ததும், அடுத்த வாரம் தானே வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். சொன்னபடி போனாள். அந்தப் பெண்ணுக்கும் நோய் இருந்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றோம். “நாளையிலேர்ந்து நீங்க உங்க டப்பாவில சாப்பிடுங்க,” என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “நான் செஞ்சதும் தப்புதான். ஆனா அது இல்லன்னா நான் செத்திருப்பேன்,” என்றாள். நான் தலையாட்டினேன். இரண்டு மாதத்தில் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். விசாவுக்கு மறுபடியும் அதே டெஸ்ட் எடுத்தார்களாம். அதற்கு முந்தின நாள் அவள் மறுபடி வார்டு எடை மெஷினில் ஏறியதைப் பார்த்தேன். போகும்போது எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாள். டம்ளரைப் பிரித்து வைத்தவர்களும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்தக் கழுவல் நிற்கவில்லை. தட்டு தனியானது, சாப்பாடு தனியானது, கை மட்டும் நிற்கவில்லை. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே ஏழு முறை சோப்பு போடுவேன். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். புது நர்ஸுகள் எனக்குச் சுத்தக்காரி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

அதற்குள் இன்னொரு கேஸ் வந்தது. மேடம் சிவப்பு வட்டம் போடச் சொன்னார். போட்டேன், ஆனால் இந்த முறை நர்ஸுகளிடம் சொல்லிவிட்டேன். சொன்னால் என் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். சொன்ன நாளிலிருந்து அந்த ரூமுக்குள் ஒருத்தியும் போகவில்லை. அந்த ஆள் நாற்றத்தோடு கிடந்தான். தண்ணீர் கேட்டுக் கட்டில் கம்பியில் டம்ளரால் தட்டுவான். நானே இரண்டு கிளவுஸை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு போய்த் துடைத்துவிட்டு வருவேன். சொல்லாமல் இருந்தது ஒரு கொடுமை என்றால், சொன்னதும் இன்னொரு கொடுமையாக முடிந்தது.

பிரசவ வலியோடு திருமுடிவாக்கத்துப் பெண் எங்கள் நர்ஸிங் ஹோம் வாசலில் வந்து நின்றது ஒரு காலை நேரம். கூட ஆள் இல்லை. பஸ்ஸில் வந்திருக்கிறாள். “சின்ன சிஸ்டர் இல்லியாமே. எனக்கு வேற யாரையும் தெரியாதுக்கா,” என்றாள். மேடம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள விடாதே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு,” என்றார்.

நான் ஆட்டோவைக் கூப்பிட்டு அவளை ஏற்றி நானும் ஏறிக்கொண்டேன். டூட்டி நடுவில் போனதற்காக என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேட்பவர்களிடம் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வேன். இங்கே நிறுத்தினால் நான் நல்லவளாகத் தெரிவேன். ஆட்டோ குரோம்பேட்டையைத் தாண்டும்போது அவளுக்குப் பனிக்குடம் உடைந்து என் புடவை நனைந்தது. அவள் வலியில் என் தோளைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். நான் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புடவையை எங்கே அவிழ்ப்பது, எதில் போட்டு எரிப்பது என்பதைத் தவிர மனதில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆயாவிடம் அவளை ஒப்படைத்தேன். பிரசவம்வரை நிற்கவில்லை. வீட்டுக் கொல்லையில் புடவையை எரித்தேன். மகள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்களை ஒரே ஒரு முறை, ஒரு வருஷம் கழித்து, தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவள் இன்னும் மெலிந்திருந்தாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது, கழுத்தில் பவுடர். என்னைப் பார்த்ததும் அவளே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அன்னிக்கி நீங்க இட்டுகினு போலன்னா இது இல்லக்கா,” என்றாள். “பெரியம்மாகிட்ட போ” என்று குழந்தையை என்னிடம் நீட்டினாள். குழந்தையும் இரண்டு கையையும் நீட்டியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“கையில பை இருக்கும்மா,” என்றேன். சின்னப் பைதான். இன்னொரு கை சும்மாத்தான் இருந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, குன்றத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள்.